.38 ஸ்பெஷல் ரீலோடிங்: ஒரு தோட்டாவில் மருந்து இல்லை, மீதமுள்ள 137 தோட்டாக்களை என்ன செய்வது?

ஈரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒஹாயோ மாநிலத்தின் வடபகுதியில், ஈரி ஏரிக்குப் பக்கத்தில் வசிக்கிறேன். உள்ளூர்ச் சங்கம் ஒன்றில் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாகப் புல்ஸ்ஐ பந்தயம் (கைத்துப்பாக்கியால் இலக்கின் மையத்தைக் குறிவைக்கும் போட்டி) சுட்டுவருகிறேன். என்னிடம் இருப்பது ஆறு அங்குலக் குழல் கொண்ட பழைய .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றுதான். 1907ஆம் ஆண்டிலிருந்து தேசியப் போட்டிகள் நடந்துவரும் கேம்ப் பெரி என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவு. அந்த மைதானத்தின் வரிசையில் ஒருமுறையாவது நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்தப் பந்தயத்துக்கு ஏற்றது வாட்கட்டர் தோட்டா, அதாவது முனை தட்டையாக, சிறு உருளையைப் போலிருக்கும் 148 கிரெய்ன் ஈயக் குண்டு வைத்த தோட்டா. அது கடைகளில் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாவதில்லை. ஆகவே நான்கு மாதங்களுக்கு முன், எங்கள் சங்கத்திலிருந்து விலகிய பெரியவர் ஒருவரிடம் பழைய புரோகிரசிவ் பிரஸ் (பல வேலைகளை அடுத்தடுத்த இடங்களில் செய்யும் இயந்திரம்) ஒன்றை வாங்கி, நானே தோட்டாக்களை மறுநிரப்பத் தொடங்கினேன். அந்த இயந்திரத்தில் கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் அடித்தட்டைக் கையால் ஓர் இடம் நகர்த்த வேண்டும். சுட்ட கூடுகளை, அதாவது தோட்டாவின் உலோக உறைகளைச் சீர்செய்வதையும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்துவதையும் முந்தைய நாளே கைக்கருவியால் முடித்து வைத்துவிடுவேன். ஆகையால் இயந்திரத்தில் செய்வது வெடிமருந்து விடுவது, குண்டைப் பொருத்துவது, வாயை இறுக்குவது ஆகியவை மட்டுமே.

சென்ற மாதம் 150 தோட்டாக்களை ஒரே அமர்வில் செய்துகொண்டிருந்தபோது, என் மகள் பள்ளிப் பாடத்தில் ஒரு சந்தேகம் கேட்க அழைத்தாள். கைப்பிடியைப் பாதியில் விட்டுச் சென்று, பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்ததாகவே நினைத்தேன். கடந்த சனிக்கிழமை சுடுதளத்தில் முதல் பத்துத் தோட்டாக்கள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது சுற்றின் மூன்றாவது தோட்டாவில் வழக்கமான ஓசைக்குப் பதில் பாட்டில் மூடியைத் திறந்தது போல் ஒரு சிறு ஓசை மட்டும் கேட்டது. பின்னுதைப்பு சிறிதும் இல்லை. இருபது நொடிக்குள் ஐந்து முறை சுட வேண்டிய சுற்று என்பதால் கை தானாகச் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கப் போயிற்று; ஆனால் சிலிண்டர் சுழல மறுத்தது. பக்கத்து வரிசையில் நின்றவர், சுடாதீர்கள் என்று உரக்கக் கத்தினார். பிறகு பார்த்தால், குண்டின் பாதி சிலிண்டரிலும் பாதி குழலின் வாயிலுமாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. ரிவால்வர் இப்போது துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் இருக்கிறது.

எனக்கு மூன்று ஐயங்கள். அந்த அமர்வில் செய்தவற்றுள் மீதம் 137 தோட்டாக்கள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக எடை போட்டு, மருந்து இல்லாதவற்றைப் பிரித்துவிட முடியுமா? இந்த இயந்திரத்தை விட்டுவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸுக்கு மாறுவது நல்லதா? வீட்டில் ஏழு வயதுக் குழந்தை இருப்பதால், ஈயம் பற்றி மனைவி கவலைப்படுகிறார். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

—

பழந்தராசு எழுதியது:

நண்பரே, உங்களுக்குக் காயம் எதுவும் இல்லை என்பதே முதலில் மகிழ்ச்சி. பக்கத்து வரிசைக்காரருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். சிலிண்டர் சுழல மறுத்தது உங்கள் நல்லூழ். குண்டு இன்னும் கால் அங்குலம் முன்னால் போயிருந்தால் அது முழுவதுமாகக் குழலுக்குள் நுழைந்திருக்கும். சிலிண்டர் தாராளமாகச் சுழன்றிருக்கும். அடுத்த குண்டு அடைபட்ட குழலுக்குள் பாய்ந்திருக்கும். மருந்தே இல்லாவிட்டாலும் பிரைமரின் வேகம் மட்டுமே ஒரு குண்டைக் கூட்டிலிருந்து தள்ளிவிடப் போதும் என்பதைப் பலர் நம்புவதில்லை. இனி அவர்கள் உங்களைக் கேட்கட்டும்.

முதல் ஐயத்துக்கு வருகிறேன். எடை போட்டுப் பிரிக்கலாம் என்ற எண்ணத்தை இப்போதே கைவிட்டுவிடுங்கள். நாம் இந்தத் தொழிலில் பயன்படுத்தும் கிரெய்ன் என்பது, சித்த மருத்துவத்தில் நெல்லெடை, குன்றிமணியெடை என்று சொல்வதைப் போல, ஒரு தானிய மணியின் எடையிலிருந்து பிறந்த அலகு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். இலக்குப் பயிற்சிக்கான .38 தோட்டாவில் நீங்கள் விடும் மருந்து மூன்று கிரெய்னை ஒட்டியது. ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் கூடுகளைக் கலந்து வைத்திருந்தால், கூட்டுக்குக் கூடு எடை வேறுபாடே அந்த மூன்று கிரெய்னை விழுங்கிவிடும். குண்டுகளிலும் அரை கிரெய்ன், ஒரு கிரெய்ன் ஏற்றத்தாழ்வு உண்டு. கனமான கூட்டில் மருந்தில்லாத தோட்டாவும், இலேசான கூட்டில் மருந்துள்ள தோட்டாவும் தராசில் ஒன்றாகவே நிற்கும். காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். வாட்கட்டர் குண்டு கூட்டின் விளிம்புவரை முழுமையாக உள்ளே இறங்கி நிற்பதால், அந்த ஓசையை நம்ப முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்றை நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் தேட வேண்டியது இன்னொரு காலித் தோட்டாவை மட்டுமல்ல, இரட்டை மருந்து விழுந்த தோட்டாவையும்தான். கையால் தட்டை நகர்த்தும் இயந்திரத்தில் இழுக்காமலே நகர்த்திவிட்டால் ஒரு கூடு காலியாகப் போகும். நகர்த்தாமலே இழுத்துவிட்டால் அதே கூட்டில் மீண்டும் ஒரு முறை மருந்து விழும். இரண்டும் ஒரே மறதியின் இரண்டு முகங்கள். ஒன்று நடந்திருக்கிறது என்பதற்கு உங்களிடம் சான்று இருக்கும்போது, மற்றது நடக்கவில்லை என்று எப்படி நம்புவீர்கள்? சாதாரணமாக, நகர்த்தாமல் இரண்டாம் முறை இழுத்தால், முதல் இடத்திலுள்ள கூட்டில் புதிதாகப் பொருத்திய பிரைமரை, பிரஸ்ஸில் பொருத்தியிருக்கும் டை என்ற அச்சின் ஊசி கீழே தள்ளிவிடும். அதைக் கண்டு, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். நீங்கள் பிரைமரை முந்தைய நாளே பொருத்திவிட்டு முதல் இடத்தைக் காலியாக விட்டுவிட்டதால், அந்த எச்சரிக்கையும் உங்களுக்கு இல்லாமல் போயிற்று.

மற்றத் தோட்டாக்களைவிட .38 ஸ்பெஷலில் இந்த ஆபத்து கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதை 1898ஆம் ஆண்டில், .38 லாங் கோல்ட் தோட்டாவை நீட்டி உருவாக்கியபோது, கூடு கரிமருந்துக்காக அளவெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 21 கிரெய்ன் கரிமருந்து கொள்ளும் கூடு அது. இன்றைய புகையில்லா மருந்து மிகச் சிறிய அளவிலேயே அதே வேலையைச் செய்துவிடுவதால், கூட்டின் அடியில் ஒரு சிட்டிகை அளவுதான் கிடக்கிறது. மேலே முழுவதும் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் இரண்டாவது முறை மட்டுமல்ல, மூன்றாவது முறை விழும் மருந்தும் வெளியே வழியாமல் அமைதியாக அடங்கிக்கொள்ளும். 9 மி.மீ. தோட்டா செய்பவர்களுக்கு, பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால், இரட்டை விழும்போது கூடு நிரம்பிக் கண்ணுக்குத் தெரியும் என்ற ஆறுதல் உண்டு. பந்தயத்தின் பெயரையே கொண்ட புல்ஸ்ஐ போன்ற விரைவில் எரியும் மருந்தோடு .38 செய்யும் நமக்கு அந்த ஆறுதல் இல்லை.

.38 ஸ்பெஷலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு); அதன் தம்பியாகிய .357 மேக்னமுக்கு 35,000. உங்களுடையது .38 மட்டுமே ஏற்கும் பழைய ரிவால்வர் என்றால், இரட்டை மருந்தைத் தாங்கும் என்று எண்ணி அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. எங்கள் சங்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதில் சிலிண்டரின் மேற்புறத்து மூன்று அறைகள் பிய்ந்துபோய், மேற்சட்டம் வில்லாக வளைந்த ரிவால்வர் ஒன்றை வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்பவரை முதலில் அதன் முன்னால்தான் நிறுத்துவோம்.

ஆகவே 137ஐயும் பிரித்துவிடுங்கள். வாட்கட்டர் குண்டில் பிடித்து இழுக்க வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது; பிரஸ்ஸில் பொருத்தும் இடுக்கி வகைக் கருவி உதவாது. சுத்தியல் வடிவிலான பிளாஸ்டிக் கருவி ஒன்று விற்கிறார்கள். அதனுள் தோட்டாவை வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு, கெட்டியான மரக்கட்டையின் மீது ஓங்கித் தட்டினால், குண்டு தன் எடையாலேயே கழன்று முன்னால் வந்துவிடும். இரண்டு மாலைகள் பிடிக்கும். தோள் வலிக்கும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் வரும் மருந்தைத் தனித்தனியே தராசில் பாருங்கள்; நடந்தது என்ன என்று அப்போதுதான் தெரியும். பார்த்து முடித்த மருந்தைச் சீசாவில் திரும்பக் கொட்டாதீர்கள். தோட்டத்துப் புல்லின்மீது மெல்லியதாகத் தூவிவிடுங்கள். பிரைமர் பொருத்திய கூடுகளை அப்படியே அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எழுதவும் மாட்டேன். அதை மருந்து தயாரிப்பவர் வெளியிடும் கையேட்டில் பார்த்து, அதில் கூறியுள்ள குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். வாட்கட்டரின் அடிப்பாகம் உட்குழிவானதாக இருந்தால், அதன் மெல்லிய ஈயப் பாவாடை வேகம் கூடும்போது கிழிந்து, வளையமாகக் குழலிலேயே தங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மெதுவாகப் போவதற்காகவே செய்யப்பட்ட குண்டு அது.

—

பத்துநொடி எழுதியது:

பெரியவர் பழந்தராசு சொன்னவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். இரண்டாவது ஐயத்தில் மட்டும், அவர் வாய் திறக்குமுன் என் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் சிங்கிள் ஸ்டேஜைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

தவறு புரோகிரசிவ் பிரஸ்ஸில் இல்லை. தட்டைக் கையால் நகர்த்துவதில் இருக்கிறது. கைப்பிடி இறங்கும்போது தட்டு தானே நகர்ந்துவிடும் இயந்திரங்களில், நகர்த்தினேனா இல்லையா என்ற கேள்வியே எழுவதில்லை. அவற்றிலும் குறைகள் உண்டு. பாதி இழுத்துத் திரும்ப விட்டால் மருந்து பாதி விழும். ஆனால் மறதிக்கு இடம் ஒன்று குறைகிறது. மருந்து விடும் இடத்துக்கு அடுத்த இடத்தில், கூட்டுக்குள் ஒரு தண்டை இறக்கி, மருந்து குறைந்தாலும் கூடினாலும் இயந்திரத்தைப் பூட்டிவிடும் டை ஒன்றை வைக்கலாம். அதற்கு இடம் கொடுக்க, குண்டு பொருத்துவதையும் வாய் இறுக்குவதையும் ஒரே டையில் செய்ய வேண்டியிருக்கும். வாட்கட்டருக்கு அதனால் பெரிய குறை ஒன்றும் வருவதில்லை.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். மையத்தெறிப் பிரிவில் (.38 போல, கூட்டின் அடி நடுவில் பிரைமர் உள்ள தோட்டாக்களுக்கான பிரிவு) மட்டும் ஒரு முழுப் போட்டிக்கு 90 தோட்டாக்கள்; .22, .45 பிரிவுகளையும் சேர்த்தால் 270 குண்டு, 2700 புள்ளி. கேம்ப் பெரி வரிசையில் நிற்க ஆசைப்படுபவர் வாரம் 150ஆவது சுட வேண்டும். சிங்கிள் ஸ்டேஜில் மணிக்கு 50 அல்லது 60 செய்தால் அதிகம். மூன்று மணி நேரம் ஒவ்வொரு கூட்டையும் ஐந்து முறை கையில் எடுத்து வைக்கும்போது வரும் களைப்பும் ஓர் ஆபத்துதான். உங்கள் பழைய இயந்திரத்தை வைத்துக்கொள்வதாக இருந்தால், வளையும் கழுத்துள்ள சிறு விளக்கு ஒன்றை மருந்து விடும் இடத்துக்கு நேராகப் பொருத்தி, ஒவ்வொரு கூட்டிலும் குண்டை வைக்குமுன் உள்ளே பாருங்கள். பிரைமரையும் இயந்திரத்திலேயே பொருத்துங்கள்.

—

பழந்தராசு எழுதியது:

என்னை நன்றாகவே அறிந்து வைத்திருக்கிறார் தம்பி. ஆம், சிங்கிள் ஸ்டேஜைத்தான் சொல்கிறேன். காலம் முழுவதற்கும் அல்ல, முதல் ஓராண்டுக்கு மட்டும்.

காரணம் வேகமல்ல. 50 துளைகள் கொண்ட மரத்தட்டு ஒன்றில் கூடுகளை நிறுத்தி, எல்லாவற்றிலும் மருந்து விட்டு முடித்த பிறகு, டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து 50 வாய்களையும் ஒரே பார்வையில் பார்க்கும்போது, ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஆழமாகவோ உயரமாகவோ இருந்தால் கண் தானாக அங்கே போய் நின்றுவிடும். தனித்தனியாகப் பார்த்தால் அது தெரியாது. ஒப்பிடப் பக்கத்தில் ஒன்று வேண்டும். வயலில் ஒரு நாற்று மட்டும் குட்டையாக நின்றால் வரப்பிலிருந்தே தெரிவதைப் போல. புரோகிரசிவ் இயந்திரம் அந்த ஒப்பீட்டைத்தான் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இரண்டுக்கும் நடுவில் டரட் பிரஸ் என்று ஒன்று உண்டு; டைகள் சுழலும், கூடு ஒன்றுதான் நிற்கும். உங்களைப் போல் மகள் அழைத்தால் எழுந்து போக வேண்டியவருக்கு அது பொருந்தும். எது வாங்கினாலும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: யாராவது அழைத்தால், இயந்திரத்தில் அப்போது நிற்கும் கூடுகள் அனைத்தையும் எடுத்து, மருந்தைக் கொட்டிவிட்டு எழுந்திருங்கள். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள், தொடக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

—

வேதிமேசை எழுதியது:

உங்கள் மனைவியின் கவலை நியாயமானது; அதைச் சமாதானப்படுத்த முயலாமல் அதன்படி நடப்பதே நல்லது. நான் ஆய்வகத்தில் பணிபுரிபவன். இந்தப் பொழுதுபோக்கும் உண்டு.

பலரும் ஈயக் குண்டைத் தொடுவதைப் பற்றித்தான் அஞ்சுகிறார்கள். திண்மமான ஈயம் தோல் வழியே உடலுக்குள் போவது மிகக் குறைவு. விரலில் ஒட்டி வாய்க்குப் போவதுதான் வழி. அதைவிடப் பெரிய மூலம் பிரைமர். சாதாரணப் பிரைமர்களில் ஈய ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்டபின் அது நுண்ணிய தூளாகக் கூட்டின் உள்ளே படிகிறது. அந்தக் கூடுகளை மக்காச்சோளத் தவிட்டிலோ வால்நட் ஓட்டுத் தூளிலோ இட்டு அதிரவைத்துத் துலக்கும்போது, அவ்வளவு ஈயமும் அந்தத் தவிட்டுக்கு மாறிவிடுகிறது. மூடியைத் திறந்து வீட்டுக்குள் சலித்தால், தூசியாகப் பறந்து கம்பளத்தில் இறங்குகிறது. குழந்தை விளையாடுவது அந்தக் கம்பளத்தில்தான்.

ஆகவே உலர்முறையை விட்டு, நீரில் எஃகு ஊசிகளோடு சுழற்றித் துலக்கும் முறைக்கு மாறுங்கள். அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்ட வேண்டாம். வேலை செய்யும் மேசை கராஜில் இருக்கட்டும்; சாப்பாட்டு மேசையில் ஒருபோதும் வேண்டாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். முடித்தவுடன் சோப்பிட்டுக் குளிர்ந்த நீரில் கை கழுவுங்கள். சுடுதளத்திலிருந்து வந்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். உள்ளரங்கச் சுடுதளமாக இருந்தால் இது இன்னும் முக்கியம். காலணியை வாசலிலேயே விடும் நம் வீட்டு வழக்கம் இந்த விஷயத்தில் பேருதவி.

பேச்சைவிட இரத்தப் பரிசோதனை நம்பகமானது. குழந்தைகளுக்கு ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் என்ற அளவை 2021இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கவனிப்புக்குரிய எல்லையாக அறிவித்தது. அது பாதுகாப்பான அளவு என்று பொருளல்ல. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. நீங்களும் குழந்தையும் இப்போதே ஒருமுறை பார்த்துக்கொண்டு, பிறகு ஆண்டுக்கொரு முறை பாருங்கள்.

சேமிப்பைப் பற்றியும் ஒன்று. பிரைமர்களை அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே வையுங்கள். சில்லறைக் காசைப் போலக் கண்ணாடிச் சீசாவில் கொட்டி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று வெடித்தால் அத்தனையும் சேர்ந்து வெடிக்கும். தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் நெறிமுறை, குடியிருப்பில் 10,000 பிரைமர்கள் வரையும், அசல் கொள்கலனில் 20 பவுண்டு வரை மருந்தையும் அனுமதிக்கிறது. உங்கள் நகராட்சியின் விதி அதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

—

பச்சையட்டை எழுதியது:

கேள்வி கேட்டவருக்கு இது பொருந்துமா என்று தெரியவில்லை. ஆனால் இந்த இழையைப் படிக்கும் நம்மவர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள் என்பதால் எழுதுகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன்.

தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் 1998ஆம் ஆண்டிலிருந்து பொதுவாகத் தடை செய்கிறது. மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. பலரும் அறியாத பகுதி இதுதான்: சட்டம் தோட்டா என்று சொல்வது முழுத் தோட்டாவை மட்டுமல்ல, கூடு, பிரைமர், குண்டு, மருந்து ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே அந்தச் சொல்லுக்குள் அடங்கும். துப்பாக்கி என் நண்பருடையது, நான் ரீலோடிங் மட்டும் செய்கிறேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

சொந்தப் பயன்பாட்டுக்கு மறுநிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. நண்பர்களுக்கு விலைக்குச் செய்து கொடுக்கத் தொடங்கினால் தோட்டா உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்கள் உதிரிப் பொருள்களை வைத்திருக்கவும் உரிமம் கேட்கின்றன.

மிக முக்கியமாக, சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டா இந்திய விமான நிலையங்களில் ஸ்கேனரில் சிக்கி, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்காகும் செய்தி அடிக்கடி வருகிறது. மறந்துவிட்டேன் என்ற விளக்கத்தைச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் போய்விடும். அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, அங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். கருவியைச் சென்னைக்குக் கொண்டுபோய்த் தம்பிக்குக் கற்றுக் கொடுக்கலாம் என்ற எண்ணம் யாருக்கும் வேண்டாம்.

—

ஈரிக்கரையான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. என்னிடம் நிரந்தர வசிப்புரிமை அட்டை இருக்கிறது. ஆயினும் உதிரிப் பொருள்களும் தோட்டாவாகவே கருதப்படும் என்பது எனக்குப் புதிய செய்தி. ஊருக்கு எடுத்துச் செல்லும் பைகளை நேற்றே தனியாகப் பிரித்து வைத்துவிட்டேன்.

மூன்று மாலைகள் உட்கார்ந்து 137 தோட்டாக்களையும் பிரித்து முடித்தேன். இரட்டை மருந்து எதிலும் இல்லை. 136 கூடுகளில் மருந்து சரியாகவே இருந்தது. ஒன்றில் மட்டும் பாதிக்கும் குறைவாக இருந்தது. நான் எழுந்து போனபோது கைப்பிடி பாதியில் நின்ற கூடு அதுதான் என்று நினைக்கிறேன். மருந்தே இல்லாமல் போனது அதற்கு அடுத்த கூடாக இருந்திருக்க வேண்டும். பத்துநொடி அவர்கள் சொன்ன பாதி இழுப்பும், பழந்தராசு ஐயா சொன்ன மறதியும் ஒரே பத்து நிமிடத்தில் எனக்கு நடந்திருக்கின்றன. எடையை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பாதித் தோட்டாவை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். ஆவலால் பிரிப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் தராசில் வைத்தேன். அது வரிசையில் நடுவில்தான் நின்றது.

ரத்தப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நேரம் வாங்கியிருக்கிறோம். இயந்திரத்தைப் பற்றி முடிவெடுக்கவில்லை. இப்போதைக்கு 50 துளை மரத்தட்டு ஒன்றை நானே துளையிட்டுச் செய்துகொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். பழுதுபார்ப்பவர் குண்டை எடுத்துவிட்டார். குழலுக்குச் சேதமில்லை என்கிறார். அதை நானே சரிபார்க்க வழி உண்டா? பிரித்தெடுத்த 137 குண்டுகளை மீண்டும் பயன்படுத்தலாமா?

—

பழந்தராசு எழுதியது:

இரண்டாவது குண்டு சுடப்படாததால் குழல் உப்பியிருக்க வாய்ப்பில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள விரும்பினால், சிலிண்டரை வெளியே தள்ளி, அறைகள் ஆறும் காலி என்பதை இருமுறை பார்த்துவிட்டு, குழலின் பின்வாயில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து முன்வாயிலிருந்து பாருங்கள். உப்பிய இடம் இருந்தால் அங்கே கறுத்த வளையம் போல ஒரு நிழல் தெரியும். துப்புரவுத் தண்டில் இறுக்கமான துணியைச் சுற்றி மெதுவாகத் தள்ளினாலும், அந்த இடத்தில் மட்டும் கை சட்டென்று இலேசாகும்.

குண்டுகளைப் பொறுத்தவரை, சுத்தியல் கருவியில் விழும்போது மென்மையான ஈயத்தின் விளிம்பு நசுங்கும். ஒவ்வொன்றையும் மேசையில் உருட்டிப் பாருங்கள். தள்ளாடுபவற்றை உருக்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். நேராக உருள்பவற்றை 25 கெஜத்துக்குள் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். 50 கெஜத்து நிதானச் சுற்றுக்கு மட்டும் புதிய குண்டைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பத்துக்குப் பதில் ஒன்பது புள்ளி வளையத்தில் விழுந்தது உங்கள் கையினாலா, குண்டினாலா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.